கை தவறிய கல்



மழைக்கால வாசம் நிறைவு பெறும் பௌர்ணமி இது. மூன்று திங்கள் ஓரிடத்தில் தங்கியிருந்த பிக்குகள், மீண்டும் ஊர் ஊராகச் செல்லப் புறப்படுமுன் இந்நாளில் ஒன்றுகூடி, ஒருவரையொருவர் நோக்கி ஒரு வேண்டுகோள் விடுப்பர். அதற்குப் பவாரணை என்று பெயர். என்பால் குற்றம் எதனையேனும் நீங்கள் கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, ஐயுற்றிருந்தாலோ, என்மீது இரக்கம் வைத்து எடுத்துரையுங்கள். உணர்ந்தால் திருத்திக்கொள்வேன் என்பது அவ்வேண்டுகோளின் கருத்து. இதில் நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. இளையவர் முதலில் கேட்பதில்லை; சபையில் மூத்த தேரரே குந்தி அமர்ந்து, கை கூப்பி, முதலில் கேட்கிறார். சாவத்தி நகரத்துக் கீழைப் பூங்காவில், விசாகை கட்டிக்கொடுத்த மாளிகையில், ஐந்நூறு பிக்குகளின் நடுவே பகவான் புத்தரே இவ்வாறு கேட்டார் என்று சம்யுத்த நிகாயம் கூறுகின்றது. சாரிபுத்திரர் எழுந்து, தங்களிடம் குறைகூற எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று பணிந்து, பின்னர்த் தம்மிடம் குறை உண்டோ என்று தாமும் கேட்டார்.

இல்லறத்தாராகிய நமக்கு இத்தகைய நாள் ஒன்று இல்லை. நம்முடைய தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும், என் பிழை இது என்று ஒருவன் தானாக வாய் திறந்தால் அவனுக்குக் கிடைப்பது என்ன? ஏச்சு, அபராதம், சில இடங்களில் வேலை நீக்கம். ஆகவே அறிந்தவர் வாய் திறப்பதில்லை. இன்று நான் சொல்ல வந்தது, வஞ்சனையின்றி நேர்ந்துவிடும் தொழிற்பிழைகளைப் பொறுத்தல் பற்றி. இதைச் சொல்லத் தகுதியுடையவன் என்பதனால் சொல்ல வரவில்லை. தவறியவன் என்பதனால் சொல்லுகின்றேன்.

சென்ற ஆண்டு நடந்தது. பெங்களூரில் நாங்கள் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு மருந்துக்கடை உள்ளது. என் தாயாருக்கு இரத்த அழுத்தம். அதற்கான மாத்திரையை மாதந்தோறும் அங்கேதான் வாங்குவது வழக்கம். அன்று மாலை நான் மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கி வந்து, பையைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டேன். தாயார் இரவு உணவுக்குப் பின்னரே மாத்திரை எடுத்துக்கொள்வார். மணி ஒன்பதரை இருக்கும். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க, கதவைத் தட்டிக்கொண்டு ஓர் இளைஞர் நின்றார். மருந்தாளுநர் படிப்பு முடித்து அக்கடையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாதவர். "ஐயா, அம்மா மாத்திரை போட்டுவிட்டார்களா?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. இல்லை என்றேன். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார். இரவில் கணக்கைச் சரிபார்க்கும்போது இருப்பு ஒத்துவரவில்லையாம். அழுத்த மாத்திரைக்குப் பதிலாகச் சர்க்கரை நோய்க்கான மாத்திரை அட்டையைத் தந்துவிட்டதைக் கண்டுபிடித்து, சீட்டிலிருந்த முகவரியை நினைவிற்கொண்டு ஓடி வந்திருக்கிறார். சரியான அட்டை அவர் கையிலேயே இருந்தது.

சர்க்கரை நோய் இல்லாத முதியவர் ஒருவர் அவ்வகை மாத்திரையை இரவில் விழுங்கிவிட்டு உறங்கினால், இரத்தத்திற் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். உறக்கத்தில் வரும் மயக்கத்தை வீட்டார் அறியமாட்டார். இதை அவரே எனக்கு விளக்கினார். நான் செய்தது என்ன தெரியுமா? நன்றி என்ற சொல் என் வாயில் வரவில்லை. அண்டை வீட்டார் கதவு திறந்து பார்க்கும்படி அவரை ஏசினேன். மறுநாட் காலை கடைக்குச் சென்று, வாடிக்கையாளர் பலர் நிற்கையில் உரிமையாளரையும் ஏசினேன். தெருவில் கண்டவரிடமெல்லாம் சொன்னேன். அந்த வாரத்திற்குள் இளைஞரை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, நீதி நடந்துவிட்டதாக எனக்குள் ஒரு நிறைவுகூட உண்டாயிற்று. சீலம் எடுத்துக்கொண்ட ஒருவன், வாரந்தோறும் மைத்திரி பாவனை செய்பவன், அவ்வாறு இருந்தேன்.

இந்த நிறைவு எவ்வளவு பொய்யானது என்பதை விநயபிடகத்தைப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாலையிலே உணர்ந்தேன். உயிர்க்கொலை பற்றிய மூன்றாம் பாராஜிகப் பகுதியில், விதியைக் கூறியபின், அதனையொட்டி எழுந்த வழக்குகள் பல வரிசையாகச் சொல்லப்படுகின்றன. அவற்றுள் ஆளவி நகரத்துப் பிக்குகள் விகாரம் கட்டிய வழக்கு ஒன்று. கட்டட வேலை செய்தவர்களுக்கும், செய்வித்தவர்களுக்கும் அக்காட்சி உடனே விளங்கும். கீழே நிற்பவர் ஒரு கல்லைத் தூக்கிக் கொடுக்கின்றார். மேலே இருப்பவர் வாங்குகின்றார். பிடி சரியாக அமையவில்லை. கல் நழுவிக் கீழே இருந்தவர் தலைமேல் விழுகின்றது. அவர் மாண்டுபோகின்றார்.

மேலே இருந்த பிக்குவை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. சங்கத்திலிருந்து நீக்கப்படும் பெருங்குற்றம் தன்னைச் சார்ந்துவிட்டதோ என்று நெஞ்சு நொந்து, அவரே பகவானிடம் வந்து சொல்கின்றார். பகவான் கேட்டது ஒரே கேள்வி: எந்த எண்ணத்தோடு இருந்தாய்? வேண்டுமென்று செய்யவில்லை என்றார் பிக்கு. வேண்டுமென்று செய்யாதவனுக்குக் குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. அதே வரிசையில், கை நழுவிய செங்கல், கை நழுவிய வாய்ச்சி, சாய்ந்த உத்தரம் என்று கட்டட வேலையின் விபத்துகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வி, அதே தீர்ப்பு.

இத்தோடு முடிந்திருந்தால், அது வெறும் இளகிய உள்ளம் என்று சிலர் தள்ளிவிடலாம். ஆனால் ஒவ்வொரு வழக்கிற்கும் பக்கத்திலேயே வேறிரண்டு வழக்குகள் நிற்கின்றன. கொல்லும் நோக்கத்துடன் ஒருவன் கல்லை விடுகின்றான், கீழிருந்தவன் சாகின்றான், விட்டவன் சங்கத்தினின்றும் நீங்கினான். இன்னொருவன் அதே நோக்கத்துடன் விடுகின்றான், கீழிருந்தவன் பிழைத்துக்கொள்கின்றான், எனினும் விட்டவனுக்குக் கடுங்குற்றம் உண்டு. கல் ஒன்றே, சுவர் ஒன்றே, விழுந்த தூரமும் ஒன்றே. ஒருவன் செத்துங் குற்றமில்லை. ஒருவன் பிழைத்துங் குற்றமுண்டு. நாமோ இதற்கு நேர்மாறாக நடக்கின்றோம். விளைவு பெரிதாயின் பெரிய தண்டனை, விளைவு ஒன்றுமில்லையாயின் கண்டுகொள்வதில்லை. எடை குறைத்து விற்பவனிடம், போனாற் போகட்டும், பத்து ரூபாய்தானே என்று வாங்கிப் போவோம். பில் எழுதும் பெண் மறதியால் ஒரு பொருளை இருமுறை சேர்த்துவிட்டால் கடையே கிடுகிடுக்கச் சத்தமிடுவோம்.

சேதனையே கருமம் என்பது பகவான் வகுத்த அடிப்படை. தம்மபதத்தின் முதற்பாட்டுக்கு உரைகாரர் கூறும் சக்குபாலத் தேரர் கதையும் இதையே காட்டும். கண்ணிழந்த அத்தேரர் மழை பெய்த இரவில் உலாவியபோது காலடியில் எண்ணற்ற பூச்சிகள் நசுங்கின. மறுநாள் வந்து பார்த்த பிக்குகள் குறை கூறினர். அவர் கொல்லுவதை நீங்கள் கண்டீர்களா என்று பகவான் கேட்டார், இல்லை என்றனர், நீங்கள் அவரைக் காணாதது போலவே அவரும் அப்பூச்சிகளைக் காணவில்லை என்றார்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். எழுப்பத்தான் வேண்டும். பிழை என்று சொல்லிக்கொண்டு ஏமாற்றுபவன் தப்பித்துக்கொள்ள மாட்டானா? உள்ளத்தில் இருப்பதை யார் கண்டார்? வணிகர்கள் இதை என்னிடம் கேட்டதுண்டு. வேலை கொடுப்பவர்கள் கேட்டதுண்டு.

சேரிவ வணிகர் ஜாதகத்தை எண்ணிப் பாருங்கள். வறுமையுற்ற வீடொன்றில் ஒரு பாட்டியும் பேத்தியும் வாழ்கின்றனர். பழைய கலம் ஒன்று அழுக்கேறிக் கிடக்கின்றது. அது பொன் என்று அவர்களுக்குத் தெரியாது. தெருவில் மணிமாலை விற்று வந்தவனிடம் அதைக் காட்டி, இதற்கு ஈடாகப் பேத்திக்கு ஏதேனும் கொடு என்கிறாள் பாட்டி. அவன் கலத்தைத் திருப்பி, அடியில் ஊசியால் ஒரு கோடு கீறிப் பார்க்கின்றான். பொன் என்று தெரிந்துகொள்கின்றான். தெரிந்துகொண்டு, அரைக்காசும் பெறாது என்று எறிந்துவிட்டுப் போகின்றான். பின்னர் வந்த மற்றொரு வணிகர் உண்மையைக் கூறி, தம்மிடமிருந்த காசு முழுவதையும் சரக்கு முழுவதையும் கொடுத்து, வழிச்செலவுக்கு எட்டுக் காசும் தராசும் பையும் மட்டும் கேட்டு வைத்துக்கொண்டு வாங்கிச் செல்கின்றார்.

முதல் வணிகன் ஊசியை எடுக்காமலே, அழுக்கைக் கண்டு, இது பித்தளை என்று சொல்லியிருந்தால்? சொல் அதேதான்; பாட்டிக்கு நட்டமும் அதேதான். ஆனால் அது பிழை. ஊசியால் கீறியபின் சொன்னது வஞ்சனை. ஊசி கீறிய தடம் பெரும்பாலும் எங்கேனும் இருக்கும். தேடுபவர் கண்ணுக்குத் தெரியும். பிழையினால் லாபம் யாருக்குப் போயிற்று? மறைக்க முயன்றானா, ஓடிவந்து சொன்னானா? முன்பே எச்சரித்தும் அதையே திரும்பச் செய்தானா? பிழை எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்கின்றதா? தராசு கெட்டுப்போனால் சிலபோது கூடவும் சிலபோது குறையவும் காட்டும். எக்காலத்தும் குறைத்தே காட்டும் தராசு கெட்டுப்போன தராசு அன்று. இவற்றைக் கேட்டறிய ஞானதிருஷ்டி தேவையில்லை. ஏசுமுன் ஐந்து நிமிடம் பொறுமை போதும். மருந்துக்கடை இளைஞர் விஷயத்தில் அந்த ஐந்து நிமிடம் என்னிடம் இல்லாமற் போயிற்று. மூன்று மாடி ஏறி வந்ததே அவருடைய சாட்சி. அதைக் கண்முன் வைத்துக்கொண்டே நான் காணவில்லை.

அசட்டை என்பது வேறு. பகவான் இறுதிவரை வலியுறுத்தியது அப்பமாதம், அதாவது சோர்வின்மை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவனும், பழுதென்று தெரிந்தும் கொதிகலனை ஓட்டச் சொல்லும் முதலாளியும், கை தவறிவிட்டது என்று சொல்ல உரிமை உடையவர் அல்லர். அவர்கள் ஊசியைக் கையில் எடுக்கவில்லை என்றாலும், கண்ணை வேண்டுமென்றே மூடிக்கொண்டவர்கள்.

ஆயினும் அசட்டை என்று நாம் பெயரிடுவதில் பாதி களைப்பு. சிகாலோவாத சுத்தத்தில் எசமானர் தம் பணியாளருக்குச் செய்யவேண்டிய கடமைகள் ஐந்து கூறப்படுகின்றன. உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், சுவையுள்ளதைப் பகிர்தல், தக்க காலத்தில் ஓய்வு தருதல் ஆகியன அவற்றுட் சில. ஆனால் அப்பட்டியலில் முதலாவதாக நிற்பது, அவரவர் வலிமைக்கேற்ப வேலையைப் பங்கிடுதல். இதை முதலில் வைத்தது காரணமின்றி இருக்க முடியாது என்பது என் எண்ணம். வலிமைக்கு மேற்பட்ட வேலையைக் கொடுத்தவன், பிழையில் ஒரு பங்கைத் தன் கையாலேயே செய்தவனாகின்றான். அந்த இளைஞர் காலை ஒன்பது மணி முதல் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். உடன் பணிபுரிபவர் அன்று வரவில்லை. இரு மாத்திரைகளின் பெயரும் ஓசையில் ஒத்தவை, அட்டையின் நிறமும் ஒன்று, தட்டில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருந்தவை. இவையெல்லாம் பின்னர்க் கடை உரிமையாளர் எனக்குச் சொன்னவை. தட்டை அவ்வாறு அடுக்கியது நான்தான் என்றும் அவர் சொன்னார். தெருவார் பலர் ஒரு மாதம் அக்கடைப் பக்கம் போகவில்லை. அது என்னுடைய வாயின் வேலை. உண்மையை அவர் அன்றே சொல்லியிருக்கலாம் அல்லவா என்று உங்களுக்குத் தோன்றும். சொல்லவிடாதபடி நான் சத்தமிட்டுக்கொண்டிருந்தேன்.

சட்டத்தின் துணையும் இதில் ஓரளவு உண்டு. தொழிலாளி மீது விதிக்கும் அபராதம், அந்த ஊதியக் காலத்தின் கூலியில் நூற்றுக்கு 3 பங்கைத் தாண்டக்கூடாது, அவன் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிக்காமல் விதிக்கவும் கூடாது என்று 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு கூறுகின்றது. 1936-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவ்வளவே வரம்பு இருந்தது. உடைந்த பீங்கானுக்கும் தவறிய கணக்குக்கும் முழுத் தொகையையும் கூலியில் பிடித்துக்கொள்ளும் பல சிறு முதலாளிகள் இதை அறியார்.

இனி, உங்கள் நெஞ்சில் நிற்கவேண்டிய நிகழ்ச்சிக்கு வருகின்றேன்.

பாவா நகரத்துச் சுந்தன் ஒரு கொல்லன். நெருப்பருகில் நின்று சம்மட்டி பிடித்துப் பிழைத்தவன். பகவான் தன் மாந்தோப்பில் வந்து தங்கியிருக்கிறார் என்று கேட்டு, ஓடிச்சென்று, மறுநாள் உணவுக்கு அழைத்தான். இரவெல்லாம் சமைப்பித்தான். சூகரமத்தவம் என்ற உணவும் அதில் இருந்தது. அது பன்றியிறைச்சியா, ஒருவகைக் காளானா என்று உரையாசிரியர்கள் வேறுபடுவர். அவ்வாராய்ச்சி இன்று நமக்கு வேண்டியதில்லை. அதனைத் தமக்கு மட்டும் பரிமாறச் சொன்னார் பகவான். மற்றப் பிக்குகளுக்கு வேறு உணவு. எஞ்சியதைக் குழி தோண்டிப் புதைத்துவிடச் சொன்னார். பின்னர்ச் சுந்தனுக்குத் தம்மத்தை உபதேசித்து மகிழ்வித்து எழுந்து சென்றார். அதன்பின் கடுமையான வயிற்றுநோய் கண்டது, இரத்தம் போயிற்று. எண்பது வயது உடம்பு. அந்நிலையில் குசிநாரை நோக்கி நடந்தார்.

ககுத்தா நதியில் நீராடி, கரையில் படுத்திருக்கும்போது அவர் ஆனந்தரிடம் பேசியது எதைப் பற்றி? தம் நோயைப் பற்றி அன்று. சுந்தனைப் பற்றி. உன் வீட்டு உணவை உண்டுதானே ததாகதர் மறைந்தார் என்று யாரேனும் அவனிடம் சொல்லக்கூடும். அவன் மனம் புண்படக்கூடும். ஆனந்தா, அவனிடம் சென்று அந்தத் துயரத்தை நீக்கு. ததாகதர் போதி பெறுமுன் உண்ட உணவும், பரிநிப்பாணம் அடையுமுன் உண்ட உணவும் ஆகிய இரண்டும் சமமான பயனுடையவை, மற்ற எல்லா உணவுத் தானங்களிலும் மேலானவை என்று என் வாயாற் கேட்டதாகச் சொல், இவ்வாறு பணித்தார்.

இதில் பகவான் செய்த காரியங்கள் இரண்டு. முதலாவது, எஞ்சிய உணவைப் புதைக்கச் செய்தார். பிழையைப் பிழையன்று என்று மூடவில்லை. அவ்வுணவு இன்னொருவர் இலைக்குப் போகவில்லை. இரண்டாவது, சமைத்தவனைப் புதைக்கவில்லை. நாம் பெரும்பாலும் செய்வது, சமைத்தவனைப் புதைத்துவிட்டு உணவை அப்படியே பந்தியில் விட்டுவைப்பது. மருந்துக்கடையில் இளைஞர் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்தும் அவ்விரு அட்டைகளும் அதே தட்டில் அடுத்தடுத்தே இருந்தன. அவற்றை நானே கண்டேன். அன்றுதான் எனக்கு உடல் நடுங்கியது. அவருக்குப் பின் வந்தவர் அதே பிழையைச் செய்தால், மூன்று மாடி ஏறி ஓடி வருவாரா? முன்னவர் கதி அவருக்குத் தெரியுமே!

இது என் அச்சம் மட்டும் அன்று. 1974 டிசம்பர் 1-ஆம் நாள், அமெரிக்காவில் வாஷிங்டன் நகர விமான நிலையத்தை நோக்கி இறங்கிய பயணி விமானம் ஒன்று மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். தரைக் கட்டுப்பாட்டார் அளித்த அனுமதியின் பொருளை விமானிகள் ஒருவிதமாகக் கொண்டதே அதற்கு ஏது. ஆறு வாரங்களுக்கு முன்பே வேறொரு நிறுவனத்தின் விமானி அதே இடத்தில், அதே விதமாகப் பொருள்கொண்டு, மயிரிழையில் தப்பியிருந்தார். அவர் தம் நிறுவனத்தாரிடம் சொன்னார். அந்நிறுவனத்து விமானிகள் எச்சரிக்கப்பட்டனர். பிற நிறுவனங்களுக்கு அச்செய்தி எட்டவில்லை. இதன்பின் 1976-இல் அந்நாட்டார் ஓர் ஏற்பாடு செய்தனர். தண்டிக்கும் அதிகாரம் உடைய துறையிடம் அன்றி, விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய நாசாவிடம், விமானிகள் தம் பிழையைத் தாமே எழுதி அனுப்பலாம். பெயர் நீக்கப்படும். வேண்டுமென்று செய்யாத பிழையை 10 நாட்களுக்குள் அறிவித்தவர் தண்டத்தினின்றும் காக்கப்படுவார். குற்றச் செயலும் விபத்தும் இச்சலுகையில் அடங்கா. பவாரணையின் சாயல் இதில் தெரிகின்றதா இல்லையா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். மருத்துவத் துறையிலும், 1999-இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டது. அப்பிழைகளிற் பெரும்பாலானவை கெட்ட மனிதரால் அன்றி, கெட்ட ஒழுங்குமுறையால் நேர்பவை என்றும் அது சொல்லிற்று.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1979 ஆகஸ்டு 10-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட முதல் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் கடலில் வீழ்ந்தது. திட்டத்தை நடத்தியவர் அப்துல் கலாம். பத்திரிகையாளர் முன் அவரை நிறுத்தாமல், நிறுவனத் தலைவர் சதீஷ் தவான் தாமே சென்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18-இல் ஏவுதல் வெற்றி கண்டபோது, பத்திரிகையாளரிடம் பேசும்படி கலாமை அனுப்பினார். இதைக் கலாம் பின்னாளில் பல மேடைகளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். பிழையைத் தம்மேல் வாங்கிக்கொண்டு புகழைக் கீழே இறக்கிவிடும் தலைவர் ஒரு தொழிற்கூடத்தில் ஒருவர் இருந்தாலும், அங்குள்ள தொழிலாளர் எதையும் மறைக்கமாட்டார்.

பொறுத்தல் என்றால் வாய் பேசாதிருத்தல் என்று யாரும் கொள்ளவேண்டாம். பிறர் பிழையை எடுத்துக்கூறப் புகுபவர் தம்மிடம் வைத்துக்கொள்ளவேண்டிய ஐந்தினைப் பகவான் வகுத்திருக்கின்றார். தக்க காலத்தில் கூறுவேன், அகாலத்தில் அன்று; உண்மையைக் கூறுவேன்; மென்மையாகக் கூறுவேன்; பயன்படக் கூறுவேன்; அன்புள்ளத்துடன் கூறுவேன், பகை உள்ளத்துடன் அன்று. நான் இளைஞரிடம் கூறியவற்றில் உண்மை ஒன்றுதான் இருந்தது. மற்ற நான்கும் இல்லை.

அங்குத்தர நிகாயத்தில் பேதையர் இருவர் சொல்லப்படுகின்றனர். தன் பிழையைப் பிழையென்று காணாதவன் ஒருவன். மற்றவன், பிழையை ஒப்புக்கொண்டு வருபவனை முறைப்படி ஏற்றுக்கொள்ளாதவன். முதற் பேதையை நாம் எல்லோரும் எளிதில் அடையாளங் காண்போம். இரண்டாமவனை ஒருவரும் பேதை என்று சொல்லுவதில்லை. கண்டிப்பானவர் என்றும், ஏமாறாதவர் என்றும் சொல்லுவோம். அன்றிரவு எங்கள் வாசலில் நின்ற இருவருள் பேதை யார் என்பது எனக்கு இப்போது தெரியும்.

மருந்துக்கடை உரிமையாளரிடம் முதலில் சென்றேன். எல்லோர் முன்னிலையிலும் ஏசினேன் ஆதலின், எல்லோர் முன்னிலையிலுமே என் தவற்றைச் சொன்னேன். அவர் திகைத்துப்போனார். பிறகு உள்ளே அழைத்துச் சென்று தேநீர் வரவழைத்தார். தட்டைப் பற்றி நான் முன்பு கூறியதெல்லாம் அப்போது அவர் சொன்னவை. அன்று மாலையே அவ்விரு மாத்திரைகளும் வெவ்வேறு அலமாரிக்குப் போயின. இளைஞர் வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

இளைஞரைத் தேடிக் கண்டது சென்ற மாதம். நகருக்கு வெளியே ஒரு சரக்குக் கிடங்கில் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறார். படித்த படிப்புக்கு அங்கே வேலையில்லை. மதிய உணவுக்கு அரைமணி விடுவார்கள். வாயிலருகே ஒரு மர நிழலில் நின்று பேசினோம். நான் தொடங்குமுன் அவர், "அம்மா நன்றாக இருக்கிறார்களா, ஐயா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். வந்த காரியத்தைச் சொன்னேன். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்று படி ஏறும்போது எனக்குப் பயமே தோன்றவில்லை, ஐயா. அம்மா மாத்திரை போட்டிருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் மனத்தில் இருந்தது. இறங்கும்போதுதான் கை காலெல்லாம் நடுங்கியது," என்றார்.

கடைக்காரர் சொன்னதை அவரிடம் தெரிவித்தேன். வீட்டில் தம் தந்தையாரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவர் உள்ளே சென்றார்.